லாபம் 33,000 வெள்ளி, கல்லாவில் காசு இல்லை! தொழில் திட்ட அட்டவணையில் வரிசைகளை அமைப்பது எப்படி?

"வியாபாரம் நன்றாகத்தான் போகிறது. ஆனால், கையில் காசு நிற்க மாட்டேன் என்கிறது."

சிறு தொழில் செய்யும் நம்மவர்கள் பலரிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. இவ்வாரத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கிள்ளான் வட்டாரத்தில் பலகாரத் தொழில் நடத்தும் மாது ஒருவர் இதே வார்த்தைகளுடன்தான் பேச்சைத் தொடங்கினார். அவருடன் ஒரு கணக்காய்வாளரும், வங்கியின் சிறு தொழில் கடன் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரும் கலந்து கொண்டனர். கணினியில் தொழில் திட்ட அட்டவணையை எப்படிப் போடுவது, அதில் எந்தெந்த வரிசைகள் இருக்க வேண்டும் என்பதே பேச்சின் மையம். அந்தக் கலந்துரையாடலின் தொகுப்பு இதோ.

ஆறு வரிசையில் அடங்கிய தொழில்

அந்த மாதுக்கு முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை ஆகியவையே பிழைப்பு. கடையிலும் இரவுச் சந்தையிலும் மாதம் சுமார் 20,000 வெள்ளிக்கு ரொக்க விற்பனை நடக்கும். ஓர் ஆண்டு தீபாவளிக்குப் பேரங்காடி ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் கிடைத்தது. ஆகஸ்டில் 10,000 வெள்ளி, செப்டம்பரில் 20,000 வெள்ளி, அக்டோபரில் 30,000 வெள்ளி மதிப்புள்ள சரக்கைக் கொடுக்க வேண்டும். பணம் 60 நாள் கழித்து வரும்.

கல்லூரியில் படிக்கும் மகள் கணினியில் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். அதில் ஆறே வரிசைகள்: விற்பனை, பொருள் செலவு, சம்பளம், வாடகை, இதர செலவு, லாபம். ஆகஸ்டில் 8,000, செப்டம்பரில் 10,000, அக்டோபரில் 15,000. மூன்று மாதத்தில் 33,000 வெள்ளி லாபம் என்று அட்டவணை காட்டியது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

"செப்டம்பர் கடைசியில் மாவு வாங்கக் காசு இல்லை, சார். என் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தேன். அக்டோபரில் மகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த வளையல்களும் போயின. தீபாவளி அன்று ஊரெல்லாம் நம் முறுக்கு, என் மகள் கை மட்டும் வெறுங்கை" என்றார் அவர்.

மகள் போட்ட கணக்கில் கூட்டல், கழித்தல் எதுவும் தப்பில்லை. அட்டவணையில் இருக்க வேண்டிய வரிசைகள் இல்லை, அவ்வளவுதான் என்று கணக்காய்வாளர் விளக்கினார்.

கரும்பலகையில் பிறந்த யோசனை

அட்டவணையில் குறுக்காகச் செல்வது வரிசை. மேலிருந்து கீழாக இறங்குவது பத்தி. இரண்டும் சந்திக்கும் இடம் கட்டம். தொழில் திட்டத்தில் பத்திகள் பெரும்பாலும் மாதங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வரிசைகளை மட்டும் தொழில் செய்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முன்பு இதையெல்லாம் அகலமான கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதினார்கள். ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொடர்ந்து வரும் எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் படித்துக் கொண்டிருந்த டான் பிரிக்ளின், பேராசிரியர் கரும்பலகையில் இப்படி அழித்து அழித்து எழுதுவதைப் பார்த்தார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாகவே மாறும் கணினி அட்டவணை என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979-ல் வெளிவந்தது. பின்னர் லோட்டஸ் 1-2-3, எக்செல் என்று அது வளர்ந்தது. தொழில் திட்டத்துக்கென்றே பிசினஸ் பிளான் புரோ, அதன் பிறகு லைவ்பிளான் போன்ற மென்பொருள்களும் வந்தன.

மென்பொருள் கூட்டித் தரும், கழித்துத் தரும். எதைக் கூட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. "இல்லாத வரிசையை எந்தக் கணினியும் கூட்டாது, அம்மா" என்றார் கணக்காய்வாளர்.

எதைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது?

சிலர் ஆறு வரிசையோடு நிறுத்திக் கொள்கிறார்கள். வேறு சிலர் கடுகுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று என்று எண்பது வரிசை போட்டு, இரண்டாம் மாதமே அலுத்து விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பயன் தராது. ஒன்றைத் தனி வரிசையாகப் பிரிக்க மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும் என்கிறார் கணக்காய்வாளர்.

முதல் கேள்வி: பணம் வரும் நேரம் அல்லது போகும் நேரம் வேறுபடுகிறதா? ரொக்க விற்பனையில் பணம் அன்றே கைக்கு வருகிறது. கடன் விற்பனையில் இரண்டு மாதம் கழித்து வருகிறது. இரண்டையும் "விற்பனை" என்ற ஒரே வரிசையில் போட்டதுதான் அந்த மாதுக்கு நேர்ந்த சிக்கலின் வேர்.

இரண்டாவது: தொகையை ஏற்றி இறக்கும் காரணம் வேறா? மாவும் எண்ணெயும் விற்பனை கூடினால் கூடும். கடை வாடகை, ஒரு பொட்டலம் விற்றாலும் ஆயிரம் பொட்டலம் விற்றாலும் அதேதான். ஆகவே இரண்டும் தனித்தனி. மாவும் எண்ணெயும்கூடத் தனித்தனியாக இருப்பது நல்லது. எண்ணெய் விலை தன் போக்கில் ஏறி இறங்கும். வீட்டு உபயோகத்துக்கான உதவித்தொகைப் பொட்டல எண்ணெயின் விலையை வைத்துத் தொழிலுக்குக் கணக்குப் போடக் கூடாது. உப்பு, ஓமம், எள் ஆகியவற்றை ஒரே வரிசையில் சேர்த்துக் கொள்ளலாம்.

மூன்றாவது: அந்த எண்ணைப் பார்த்து ஏதாவது முடிவு எடுக்க முடியுமா? பகுதி நேர ஆட்களின் கூலியைத் தனியாகக் காட்டினால், பண்டிகை மாதத்தில் மூன்று பேர் போதுமா, நான்கு பேர் வேண்டுமா என்று யோசிக்கலாம். "இதர செலவு" என்ற வரிசையைப் பார்த்து யாராலும் எந்த முடிவும் எடுக்க முடியாது. அது பெரிதாகிக் கொண்டே போனால், உள்ளே தனி வரிசையாக வேண்டியது ஏதோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

மறந்து போகும் இரண்டு வரிசைகள்

நம்மவர்களின் அட்டவணைகளில் பெரும்பாலும் காணாமல் போகும் இரண்டு வரிசைகளை வங்கி அதிகாரி சுட்டிக் காட்டினார்.

ஒன்று, கடன் தவணை. தவணையில் வட்டிப் பகுதி மட்டும்தான் செலவு. முதலைத் திருப்பிக் கட்டுவது செலவு ஆகாது. அதனால் அது லாபக் கணக்கில் வராது. ஆனால், மாதம் பிறந்தால் பணம் கையை விட்டுப் போவது உண்மை. பண வரவு செலவு அட்டவணையில் அதற்கு இடம் வேண்டும்.

மற்றொன்று, குடும்பச் செலவுக்கு எடுக்கும் பணம். "கல்லாவிலிருந்து பிள்ளையின் பள்ளிப் பேருந்துக்கு, கல்யாண மொய்க்கு, வீட்டுச் சாமானுக்கு என்று எடுப்போம். அதை எழுத மாட்டோம். கடன் மனுவில் அந்த வரிசை இல்லையென்றால், இவர் எதைச் சாப்பிட்டு வாழ்கிறார் என்றுதான் அதிகாரிக்குத் தோன்றும்" என்று அவர் கூறியபோது அரங்கில் சிரிப்பொலி எழுந்தது.

அந்த மாது மாதம் 1,000 வெள்ளி பழைய கடன் தவணை கட்டினார். வீட்டுக்கு 2,500 வெள்ளி எடுத்தார். இரண்டும் அந்த ஆறு வரிசையில் இல்லை.

திரையில் விரிந்த புதிய அட்டவணை

கணக்காய்வாளர் அரங்கிலேயே கணினியைத் திறந்து, அதே எண்களைப் புதிய வரிசைகளில் போட்டுக் காட்டினார். ஆகஸ்டு தொடக்கத்தில் கையிருப்பு 10,000 வெள்ளி. பொருள் செலவு விற்பனையில் பாதி. அதை அந்த மாதமே ரொக்கமாகக் கட்ட வேண்டும். சம்பளம் ஆகஸ்டில் 4,000. பகுதி நேர ஆட்கள் சேரும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் 7,000. வாடகை 2,000. மின்சாரம், எரிவாயு 1,000. அவற்றோடு தவணையும் வீட்டுச் செலவும் சேர்ந்து 3,500. விளைவு இப்படி வந்தது:

ஆகஸ்டு: வரவு 20,000, போனது 25,500, மாத முடிவில் கையிருப்பு 4,500.

செப்டம்பர்: வரவு 20,000, போனது 33,500, மாத முடிவில் 9,000 பற்றாக்குறை.

அக்டோபர்: ரொக்க விற்பனை 20,000, ஆகஸ்டு சரக்குக்கான பணம் 10,000, ஆக வரவு 30,000, போனது 38,500, பற்றாக்குறை 17,500.

நவம்பர்: வரவு 40,000, போனது 20,500, கையிருப்பு 2,000.

டிசம்பர்: வரவு 50,000, போனது 20,500, கையிருப்பு 31,500.

லாபம் பொய்யில்லை, டிசம்பரில் அது வந்து சேர்ந்தே விட்டது. அக்டோபர் முடிவில் 17,500 வெள்ளி துண்டு விழும் என்பதை ஜூலையிலேயே சொல்லியிருக்க வேண்டிய வரிசை அட்டவணையில் இல்லை. அடகுக் கடைக்குப் போன நகையின் கணக்கு இதுதான்.

இன்னொன்றும் வெளியே வந்தது. பண்டிகை இல்லாத சாதாரண மாதத்தில் 20,000 வெள்ளி விற்பனைக்கு 3,000 வெள்ளி லாபம். தவணையும் வீட்டுச் செலவும் 3,500. அப்படியானால், சாதாரண மாதம் ஒவ்வொன்றிலும் கையிருப்பில் 500 வெள்ளி கரைந்து கொண்டிருந்தது. "வருஷம் முழுக்கத் தீபாவளியை நம்பித்தான் ஓட்டினேன் என்பது இப்போதுதான் புரிகிறது, சார்" என்றார் அந்த மாது.

கணினியில் கவனிக்க வேண்டியவை

வரிசைகளைக் கணினியில் ஏற்றும்போது செய்யும் சிறு தவறுகள் மொத்தக் கணக்கையும் கவிழ்த்து விடும். கணக்காய்வாளர் கூறிய குறிப்புகள்:

அனுமானங்களை அட்டவணையின் மேலே தனி வரிசைகளில் வையுங்கள். ஒரு பொட்டலம் 5 வெள்ளி, மாதம் 4,000 பொட்டலம் என்று இரண்டு வரிசை இருந்தால், விற்பனை வரிசை அவற்றைப் பெருக்கி 20,000 என்று தானே எழுதிக் கொள்ளும். நேரடியாக 20,000 என்று தட்டினால் நாளை விலை மாறும்போது பன்னிரண்டு கட்டங்களையும் திருத்த வேண்டும்.

கடன் விற்பனைக்கு ஒரு வரிசை, அதன் வசூலுக்கு இன்னொரு வரிசை. 60 நாள் தவணை என்றால் அக்டோபர் வசூல் கட்டம், இரண்டு பத்தி இடது பக்கம் தள்ளியுள்ள ஆகஸ்டுக் கடன் விற்பனையைப் பார்க்க வேண்டும். 30 நாள் என்றால் ஒரு பத்தி தள்ளிப் பார்த்தால் போதும்.

முதல் மாதத்தின் தொடக்கக் கையிருப்பை மட்டும் கையால் எழுதுங்கள். மற்ற மாதங்களின் தொடக்கம், முந்திய மாதத்தின் முடிவிலிருந்து தானாக வர வேண்டும்.

புதிய வரிசை சேர்க்கும்போது, மொத்தத்துக்கு ஒட்டினாற்போல் மேலே நுழைத்தால், கூட்டல் சூத்திரம் அதை விட்டுவிடக் கூடும். மொத்தத்துக்கு மேல் ஒரு வெற்று வரிசையை விட்டு, அதையும் சூத்திரத்துக்குள் சேர்த்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. புதிய வரிசைகளை எப்போதும் அந்த வெற்று வரிசைக்கு மேலே நுழைக்கலாம்.

கட்டத்துக்குள் "500 வெள்ளி" என்று தட்டாதீர்கள். கணினி அதை எழுத்தாக எடுத்துக் கொள்ளும், கூட்டலில் சேர்க்காது. எண்ணை மட்டும் தட்டி, "வெள்ளி" என்பதைத் தலைப்பில் எழுதலாம்.

சூத்திரம் உள்ள கட்டத்தின் மேல் எண்ணைத் தட்டக் கூடாது. அன்றைக்குச் சரியாகத் தெரியும்; அடுத்த மாற்றத்தில் அந்தக் கட்டம் மட்டும் அசையாமல் நிற்கும்.

தொழில் திட்ட மென்பொருளில் ஆயத்த வரிசைகள் இருக்கும். அதில் கூடுதலாக ஒரு கவனம் தேவை: புதிய வரிசை எந்தப் பிரிவில் சேர்கிறது? கடன் முதலைச் செலவுப் பிரிவில் சேர்த்தால் லாபம் பொய்யாகக் குறையும். வாங்கிய கடனை விற்பனைப் பிரிவில் சேர்த்தால் லாபம் பொய்யாகக் கூடும்.

கடைசியாக ஒரு சோதனை வரிசை. மாத முடிவில் வங்கியிலும் கல்லாவிலும் உண்மையில் இருக்கும் பணத்தை அதில் எழுதுங்கள். அட்டவணை காட்டும் கையிருப்போடு அது ஒத்துப் போகவில்லை என்றால், ஏதோ ஒரு வரிசை விடுபட்டிருக்கிறது.

சம்பளம் ஒரு வரிசை அல்ல

"சம்பளத்தை ஏன் பிரிக்க வேண்டும்? கொடுப்பது ஒரே பணம்தானே?" என்று அரங்கிலிருந்த இளைஞர் ஒருவர் கேட்டார்.

நாட்டில் குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அது 2025 ஆகஸ்டு 1 முதல் நடப்புக்கு வந்தது. அந்தச் சம்பளத்தில் உள்ளூர் ஊழியர்கள் இருவர் என்றால் 3,400 வெள்ளி. இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேம நிதிக்கு முதலாளியின் பங்கு, 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு 13 விழுக்காடு. அது 442 வெள்ளி. சொக்சோ, வேலை காப்புறுதி ஆகியவற்றையும் சேர்த்தால் நான்காயிரத்தை நெருங்கி விடும். "3,400 என்று நினைத்துத் திட்டம் போட்டவருக்கு ஆண்டு முடிவில் ஆறாயிரத்துக்கு மேல் துண்டு விழும்" என்றார் கணக்காய்வாளர்.

நேரமும் வேறு. சம்பளம் மாதக் கடைசியில் போகிறது. சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடித்த 11 விழுக்காடும் அதுவரை முதலாளியின் கையில்தான் இருக்கும். கையிருப்பு போலத் தெரிந்தாலும் அது அவருடைய பணம் அல்ல. மாவு வாங்க அதை எடுத்துவிட்டு, பதினைந்தாம் தேதி விழிப்பவர்கள் உண்டு. தனி வரிசை இருந்தால் இந்த ஆசை வராது.

வரிக்கும் இதே விதி. ஜிஎஸ்டி 2015 ஏப்ரல் 1-ல் 6 விழுக்காட்டில் அறிமுகமானது. 2018 ஜூன் 1-ல் அது பூஜ்யமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் விற்பனை, சேவை வரி மீண்டும் வந்தது. வரியைத் தனி வரிசையில் வைத்திருந்தவர்கள் ஒரு விழுக்காட்டை மட்டும் மாற்றினார்கள். விலைக்குள்ளேயே கலந்து வைத்திருந்தவர்கள் முழு அட்டவணையையும் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

"இப்படிச் செய்தால் என்ன?"

வரிசைகள் சரியாக அமைந்துவிட்டால், அட்டவணையிடம் கேள்வி கேட்கலாம். கணக்காய்வாளர் மூன்று கேள்விகளைக் கேட்டுக் காட்டினார்.

பேரங்காடி 60 நாளுக்குப் பதில் 30 நாளில் பணம் கொடுத்தால்? திரையில் செப்டம்பர் முடிவு 1,000, அக்டோபர் முடிவு 2,500 என்று மாறின. எந்த மாதத்திலும் பற்றாக்குறை இல்லை.

பேரங்காடி மறுத்து, மாவும் எண்ணெயும் தரும் மொத்த வியாபாரி பாதிச் சரக்கை மட்டும் 30 நாள் கடனில் கொடுத்தால்? செப்டம்பர் முடிவில் 1,000 வெள்ளி கையில் நிற்கும். அக்டோபர் பற்றாக்குறை 17,500-லிருந்து 5,000 ஆகக் குறையும்.

பொட்டலத்தின் விலையை 20 காசு உயர்த்தினால்? 4,000 பொட்டலத்துக்கு மாதம் 800 வெள்ளி கூடுதல். வாங்குவோர் எண்ணிக்கை குறையாமல் இருந்தால், சாதாரண மாதத்தில் கரையும் 500 வெள்ளி அடைபட்டு, 300 மிஞ்சும்.

கடன் மனு செய்பவருக்கும் இதில் பயன் உண்டு என்றார் வங்கி அதிகாரி. வங்கியானாலும் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி போன்ற திட்டமானாலும், "எனக்கு 20,000 வெள்ளி வேண்டும்" என்று போய் நிற்பதற்கும், "அக்டோபரில் 17,500 வெள்ளி பற்றாக்குறை, நவம்பர் வசூலில் அது அடைபடும், இதோ மாதக் கணக்கு" என்று காட்டுவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. "லாபம் எவ்வளவு என்று நாங்கள் பார்ப்போம். அதைவிட, எந்த மாதம் இவர் திணறுவார், அது இவருக்கே தெரியுமா என்று பார்ப்போம்" என்றார் அவர்.

குறைந்தது இந்த வரிசைகள்

பார்வையாளர்கள் கேட்டுக் கொண்டதால், சிறு தொழிலுக்கான பண வரவு செலவு அட்டவணையில் இருக்க வேண்டிய வரிசைகளைக் கணக்காய்வாளர் பட்டியலிட்டார்.

வரவு: தொடக்கக் கையிருப்பு, ரொக்க விற்பனை, கடன் விற்பனையின் வசூல், வாங்கிய கடன் அல்லது சொந்த முதல்.

செலவு: முக்கிய மூலப்பொருள், மற்ற பொருள்கள், நிரந்தர ஊழியர் சம்பளம், பகுதி நேரக் கூலி, சேம நிதி மற்றும் சொக்சோ சந்தா, வாடகை, மின்சாரமும் எரிவாயுவும், வண்டிச் செலவு, வரி மற்றும் உரிமக் கட்டணம், கடன் தவணை, குடும்பச் செலவு.

முடிவு: மாத முடிவுக் கையிருப்பு, அதன் கீழே உண்மையான கையிருப்பு.

இருபதுக்குள் அடங்கும் இந்த வரிசைகளை மாதம் ஒரு முறை நிரப்பினால் போதும்.

அந்த மாது அடுத்த ஆண்டு ஜூலையிலேயே, மகளுடன் அமர்ந்து இந்த வரிசைகளைப் போட்டிருக்கிறார். ஆர்டர் அதே அளவு. கையிருப்பும் அதே 10,000. 30 நாளில் பணம் கேட்டு முதலில் பேரங்காடிக்குப் போனார். அவர்கள் இறங்கி வரவில்லை. அட்டவணையைக் காட்டி மொத்த வியாபாரியிடம் பேசியதில், பாதிச் சரக்கைக் கடனில் தர அவர் ஒப்புக் கொண்டார். மீதம் விழுந்த 5,000 வெள்ளியைத் தங்கையிடம் ஆகஸ்டிலேயே சொல்லி வைத்து, அக்டோபரில் வாங்கி, நவம்பரில் திருப்பிக் கொடுத்து விட்டார்.

"கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருந்தது, சார். ஆனால், எவ்வளவு வேண்டும், எப்போது திருப்பித் தருவேன் என்று இரண்டையும் சொல்லிக் கேட்டேன். அந்தத் தீபாவளிக்கு வளையல் என் மகள் கையில் இருந்தது" என்று கூறி அவர் பேச்சை முடித்துக் கொண்டார்.